ஆய்வகத்தில் வெற்றி, ஆலையில் சோதனை

அமெரிக்காவில் 2011ஆம் ஆண்டில் ‘டாக்சில்’ என்ற புற்றுநோய் மருந்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. நோயாளிகள் காத்திருப்புப் பட்டியலில் பெயரைப் பதிந்துகொண்டு காத்திருந்தனர். அது புதிய மருந்தன்று, 1995லேயே ஒப்புதல் பெற்றது. ஒஹையோ மாநிலத்தில் அதைத் தயாரித்துவந்த ஒப்பந்த ஆலை, தரக் குறைபாடுகளால் உற்பத்தியை நிறுத்தியதே காரணம்.

வேறோர் ஆலையில் செய்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அங்குதான் சிக்கல்.

டாக்சில் ஒரு நானோ மருந்து. டாக்சோரூபிசின் என்ற பழைய மருந்தைக் கொழுப்பாலான நுண்குமிழ்களுக்குள் அடைத்துச் செய்கிறார்கள். ஒரு குமிழின் விட்டம் சுமார் 100 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. குமிழின் அளவு மாறினால், உடலில் மருந்து சென்றுசேரும் இடமும் மாறக்கூடும். சூடேற்றிக் கிருமி நீக்கவும் முடியாது, குமிழ் சிதைந்துவிடும்.

நான்கு பேருக்கு வைத்த குழம்பை நானூறு பேருக்கு வைத்தால் ருசி மாறுவதை வீட்டு விசேஷங்களில் பார்த்திருப்போம். இங்கு மாறுவது ருசி மட்டுமன்று. ஆலையையோ செய்முறையையோ மாற்றினால், கிடைப்பது அதே மருந்துதான் என்று மறுபடியும் நிரூபிக்க வேண்டும். கடைசியில் 2012 பிப்ரவரியில், இந்தியாவின் சன் ஃபார்மா தயாரித்த ‘லிப்போடாக்ஸ்’ மருந்தைத் தற்காலிகமாக இறக்குமதி செய்ய அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்தது.

கொவிட்-19 காலத்தில் ஃபைசர் இதே சிக்கலை வேறு விதமாகக் கையாண்டது. தடுப்பூசியின் எம்ஆர்என்ஏவைக் கொழுப்புத் துகளுக்குள் அடைக்க, இரு திரவங்கள் கண்ணிமைக்கும் நேரத்திற்குள் மோதிக் கலக்க வேண்டும். பெரிய தொட்டியில் அது சீராக நடக்காது. ஆகவே, கைக்குள் அடங்கும் சிறிய கலவைக் கருவிகளையே பல எண்ணிக்கையில் பக்கம் பக்கமாக இணைத்து ஓட்டினார்கள். புத்திசாலித்தனமான வழி என்றாலும், அதற்குப் பின்னால் பெரும் பணம் இருந்தது. ஒப்புதல் கிடைக்கும் முன்பே, 2020 ஜூலையில், 10 கோடி ஊசிகளுக்கு 195 கோடி டாலர் தர அமெரிக்க அரசு உடன்பட்டிருந்தது.

வேதிப்பொறியியல் அல்லது மருந்தியல் படிக்க எண்ணும் மாணவர்கள் இந்தப் பக்கத்தையும் கவனிக்கலாம். புதிய நானோ மருந்து கண்டுபிடிப்புகள் தலைப்புச் செய்தியாகின்றன. அதைக் குப்பி குப்பியாக ஒரே தரத்தில் செய்வோர் பற்றி எவரும் பேசுவதில்லை. சில ஆயிரம் பேருக்கே வரும் அரிய நோய்க்கான மருந்துக்கு எந்த அரசும் கோடிக்கணக்கில் முன்பணம் தரப்போவதில்லை. அதற்கு முதல் ஆலை கிடைப்பதே பெரும்பாடு. அது நின்றுபோனால் கைகொடுக்க இரண்டாவது ஆலையை யார் கட்டுவார்கள்?