கல்லில் எழுதிய கணக்கு



இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில் உள்ள நாசிக் நகருக்குப் போயிருந்தபோது, நகருக்குத் தெற்கே உள்ள ஒரு மலைக்கும் ஏறினேன். பாறையைக் குடைந்து ஆக்கிய 24 குகைகள் அங்கு வரிசையாக இருக்கின்றன. ஊர் மக்கள் பாண்டவர்களின் பெயரால் 'பாண்டவ்லேணி' என்று அழைக்கிறார்கள். உண்மையில் இவை பௌத்த துறவிகள் தங்குவதற்காகச் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் குடையத் தொடங்கப்பட்டவை.

மூச்சு வாங்கப் படியேறி 10ஆவது குகையின் விறாந்தையில் நின்றேன். வெளியே கொதிக்கும் வெயில், உள்ளே மண்வீடு போலக் குளிர்ச்சி. தூண்களுக்குப் பின்னால் பெரிய மண்டபம், அதைச் சுற்றிச் சிறு அறைகள். சுவரில் பிராமி எழுத்துக்கள். அரசர் புகழாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். விளக்கம் கிடைத்தபோது வியந்து போனேன். அதில் இருந்தது வட்டிக் கணக்கு!

அரசன் நகபாணனின் மருமகன் உஷவதாதன் 2000 காசுகளை ஒரு நெசவாளர் சங்கத்திடம் வைப்பிட்டிருக்கிறான். வட்டி நூற்றுக்கு மாதம் 1 காசு. முதலைத் திருப்பிக் கேட்பதில்லை, வட்டி மட்டுமே செலவுக்கு. கணக்குப் பாருங்கள்: மாதம் 20, வருடம் 240. மழைக்காலத்தில் அங்கே தங்கும் 20 துறவிகளுக்கு ஆளுக்கு 12 காசு உடுப்புக்கு. ஒரு காசும் மிஞ்சவில்லை, குறையவுமில்லை. எல்லோரும் பார்க்கும்படி கல்லில் எழுதி வைத்துவிட்டார்கள்.

பெண்களின் பெயர்களும் அந்த மலையில் இருக்கின்றன. உஷவதாதனின் மனைவி தக்ஷமித்ரா ஓர் அறையைத் தானம் செய்திருக்கிறாள். 18ஆவது குகையான வழிபாட்டு மண்டபத்தை நிறைவு செய்வித்தவள் பட்டபாலிகா என்ற பெண். இன்னார் மகள், இன்னார் மனைவி, இன்னார் தாய் என்று சொன்னாலும் அவளுடைய சொந்தப் பெயரும் அங்கே நிற்கிறது.

என் மனதில் அதிகம் தங்கியவள் விஷ்ணுதத்தா. கி.பி. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இல்லறப் பெண். எண்ணெய் ஆட்டுவோர் சங்கம் உட்படப் பல தொழிலாளர் சங்கங்களிடம் பணம் வைப்பிட்டாள். எதற்கு? அந்த மடத்தில் நோயுறும் துறவிகளுக்கு மருந்து வாங்க. எந்தப் பிரிவைச் சேர்ந்தவர், எங்கிருந்து வந்தவர் என்ற பேதம் இல்லை.

படியிறங்கும்போது நம் ஊர்ச் சகோதரி ஒருத்தியின் நினைவு வந்தது. கணவனை யுத்தத்தில் இழந்தவள். வாராவாரம் கடன் அறவிட வருபவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் படலையைச் சாத்திவிட்டுப் பின்வளவில் போய் நிற்பாள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்கத் தோடு. எத்தனை வீத வட்டி என்று கேட்டேன். "அது தெரியாது அக்கா, கிழமைக்கு எவ்வளவு கட்ட வேணும் எண்டுதான் சொன்னவை" என்றாள்.

நாசிக் கல்வெட்டின் வட்டி வருடத்துக்கு 12 வீதம். 2018ஆம் ஆண்டு நம் நாட்டில் நுண்கடனுக்கு அறிவிக்கப்பட்ட உச்சவரம்போ 35 வீதம்.

ஆகவே கையெழுத்து வைக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வருட வட்டி எத்தனை வீதம்? முழுத் தொகைக்கும் வட்டியா, கட்டிக் கழித்த மிச்சத்துக்கு மட்டுமா? ஒப்பந்தத்தின் பிரதி எனக்குத் தருவீர்களா? பதில் சொல்லத் தயங்குபவரிடம் கடன் வாங்கத் தயங்குங்கள்.

உங்கள் மாதர் சங்கத்தில் சுழற்சிக் கடன் இருந்தால், அடுத்த கூட்டத்தில் இன்னொன்றையும் பேசிப் பாருங்கள். வரும் வட்டியில் சிறு பங்கை மருந்துச் செலவுக்கென ஒதுக்கலாம். திடீரென்று பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அடகுக் கடைக்கு ஓடத் தேவையில்லை. கணக்கை எல்லோரும் பார்க்கும்படி சங்கக் கட்டடச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். கல்லில் வெட்டத் தேவையில்லை, ஒரு பிறிஸ்டல் மட்டை போதும்.