கூடவே ஓர் உணவுக் கூடை

மனச்சோர்வில் இருப்பவரிடம், "ஒழுங்கா சாப்பிடு, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லாத வீடு இல்லை. அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் எழுந்து பல் துலக்கவே மனம் வராதவர் கடைக்குப் போய், காய் நறுக்கி, அடுப்பு மூட்டுவது எப்படி?

இந்தக் கஷ்டத்தைப் புரிந்துகொண்டு நடந்த ஆய்வு என்பதால்தான் ஆஸ்திரேலியாவின் பெலிஸ் ஜாக்கா குழுவினர் 2017-இல் வெளியிட்டதை நான் பெரிதாக மதிக்கிறேன். மனச்சோர்வு நோயாளிகள் 67 பேர். பெரும்பாலோர் ஏற்கெனவே சிகிச்சையில் இருந்தவர்கள். அவர்களில் 33 பேரை உணவியல் நிபுணர் 12 வாரங்களில் 7 முறை சந்தித்துப் பேசினார். பருப்பு, முழுத்தானியம், காய்கறி, பழம், மீன், ஆலிவ் எண்ணெய் என்று சொன்னதோடு விடாமல், சமையல் குறிப்பும் உணவுப்பொருள் கூடையும் கொடுத்தார்கள். மற்ற 34 பேருக்குப் பேச்சுத்துணை மட்டும். முடிவில் முதல் குழுவில் சுமார் 32 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். இரண்டாவதில் 8 சதவீதம். சிறிய ஆய்வுதான். தாங்கள் எந்தக் குழு என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் ஒதுக்கிவிட முடியாத வித்தியாசம் இது.

உடலின் செரட்டோனினில் 90 சதவீதம் குடலில் உருவாகிறது, ஆகவே வயிறு நிறைந்தால் மனமும் நிறையும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பவேண்டாம். குடல் செரட்டோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதில்லை. வேறு வழிகள் உண்டு. நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து உண்டாக்கும் கொழுப்பு அமிலங்கள் குடல்சுவரைக் காக்கின்றன, அழற்சியைத் தணிக்கின்றன. வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பகுதி, உள்ளுறுப்புகளின் சேதியை மூளைக்கு எடுத்துப்போகிறவை. ஜப்பானில் 2004-இல், கிருமியே அண்டாமல் வளர்த்த எலிகள் நெருக்கடியில் அளவுக்கு மீறிப் பதறுவதையும், ஒரு வகை பிஃபிடோபாக்டீரியத்தைக் குடலில் சேர்த்ததும் அந்தப் பதற்றம் அடங்குவதையும் கண்டார்கள்.

ஆஸ்திரேலிய ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. பங்கேற்றவர்கள் முன்பு உணவுக்கு வாரம் 138 டாலர் செலவழித்தார்கள். பரிந்துரைத்த உணவுக்கு அப்போது 112 டாலர் போதுமானதாக இருந்தது. பணக்காரர் வைத்தியம் என்று தள்ள முடியாது. மனநலப் பிரிவு ஒவ்வொன்றிலும் ஓர் உணவியல் நிபுணர் உட்காரவேண்டும். அதுவரை வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது: மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். கொஞ்சம் சுண்டல் வேகவைத்து, அறிவுரை சேர்க்காமல் பக்கத்தில் கொண்டுபோய் வையுங்கள். நீங்களும் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.