எடுபிடிப் பையன் தலைவரான வரலாறு!



தம்மாம், தஹ்ரான் என்ற பெயர்கள் நம் ஊர்களுக்குப் புதியவை அல்ல. அங்கே உழைத்து வந்த சபுராளிகள் தெருவுக்குத் தெரு உண்டு. ஆனால் அந்த மண்ணின் எண்ணெய்க் கம்பெனி அந்த மண்ணுக்கே சொந்தமானது எப்படி என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

1933-ல் சவூதி அரசின் கஜானா காலி. உலகப் பொருளாதார மந்தத்தால் ஹாஜிகளின் வருகை குறைந்து, இருந்த வருமானமும் சுருங்கிவிட்டது. அந்த நெருக்கடியில்தான் கலிபோர்னியா ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனிக்கு எண்ணெய் தேடும் உரிமை போனது. 1938-ல் தம்மாம் 7-ம் எண் கிணற்றில் எண்ணெய் பொங்கியது. 1944-ல் கம்பெனிக்கு 'அராம்கோ' என்று பெயர் வந்தது. பூமி அரபிகளுடையது, கம்பெனியோ முழுக்க அமெரிக்கர்களுடையது! கூலியும் குடியிருப்பும் சரியில்லை என்று 1953-ல் அரபுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள்.

பக்கத்திலிருந்த ஈரான் 1951-ல் பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனியை ஒரே அடியாக நாட்டுடைமை ஆக்கியது. நியாயம் ஈரான் பக்கம்தான். ஆனால் பிரிட்டிஷ் நிபுணர்கள் வெளியேறினார்கள். எண்ணெயை விற்க விடாமல் பிரிட்டன் தடுத்தது. அபாதான் சுத்திகரிப்பு ஆலை முடங்கியது. 1953-ல் அமெரிக்காவும் பிரிட்டனும் சதி செய்து பிரதமர் முஸத்திக்கின் ஆட்சியையே கவிழ்த்தன.

சவூதி வேறு வழியில் போனது. 1950-ல் லாபத்தில் சரிபாதி கேட்டு வாங்கியது. 1973-ல் 25 சதவீதப் பங்கு, 1974-ல் 60 சதவீதம், 1980-ல் முழுவதும் என்று விலை கொடுத்தே வாங்கி முடித்தது. 1988-ல் 'சவூதி அராம்கோ' பிறந்தது.

பணம் மட்டுமா இதைச் சாதித்தது? இல்லை! அலீ அந்நுஐமி என்ற பதூவி வீட்டுப் பிள்ளை 1947-ல், 12 வயதில், அங்கே எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். கம்பெனிப் பள்ளியில் படித்தார். கம்பெனி செலவில் அமெரிக்கா சென்று நிலவியல் பட்டம் பெற்றார். 1984-ல் அந்தக் கம்பெனியின் முதல் சவூதித் தலைவரானார்! 1995 முதல் 2016 வரை நாட்டின் எண்ணெய் அமைச்சர். கம்பெனி கைமாறிய அன்று அதை நடத்தத் தெரிந்தவர்கள் தயாராக இருந்தார்கள். இரகசியம் இதுதான்.

பிறகு 1993-ல் அரசின் சுத்திகரிப்பு, விற்பனைப் பிரிவுகளும் அராம்கோவோடு சேர்ந்தன. 2019-ல் 1.5 சதவீதப் பங்குகள் சந்தைக்கு வந்தன. 2020-ல் ஸாபிக் ரசாயனக் கம்பெனியின் 70 சதவீதத்தை 6,910 கோடி டாலருக்கு வாங்கியது. இத்தனைக்குப் பிறகும் பெரும்பகுதி அரசிடமே இருக்கிறது.

வளைகுடா மன்னர்கள் வல்லரசுகளோடு கொண்ட நட்பைப் பற்றி நமக்கு விமர்சனம் உண்டு. அதற்காகப் பாடத்தை விட்டுவிடலாமா?

இளைஞர்களே! 2011-ல் வந்த 'நிதாகத்' திட்டம், சவூதியில் தம் மக்களுக்கே வேலையில் முதலிடம் என்றது. அது அவர்கள் உரிமை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு விசாவுக்கு ஏஜெண்டிடம் பணம் கட்டுகிறீர்களே, கைத்தொழில் தெரியாமல் போனால் முதலில் திருப்பி அனுப்பப்படுவது யார்?

வியாபாரிகளே! உங்கள் கடையில் பத்து வருடமாகப் பொட்டலம் கட்டும் பையனுக்குக் கொள்முதலும் கணக்கும் கற்றுக்கொடுத்தீர்களா? அவனை ஒரு நாள் கூட்டாளியாக்கும் எண்ணம் உண்டா? ஊருக்கு ஊர் ஜமாஅத்தும் வியாபாரிகளும் சேர்ந்து ஆண்டுக்கு நான்கு பிள்ளைகளைப் பாலிடெக்னிக்கிலோ பொறியியலிலோ படிக்க வைக்க முடியாதா? ஒரு கல்யாண விருந்தின் செலவு போதுமே!

இடஒதுக்கீட்டுக்காகப் போராடுகிறோம், இன்னும் போராடுவோம். அந்த இடத்தில் உட்காரத் தகுதியுள்ள பிள்ளைகளையும் இன்றே தயார் செய்வோம், இன்ஷா அல்லாஹ்.

சிந்திப்பீர்! செயல்படுவீர்!