நாள்தோறும் ஒரு படம்

ஓவியம் என்றவுடன் நம்மில் பலர், "அஃது எனக்கு வராது" என்று கூறி ஒதுங்கிவிடுகின்றனர். பாடத் தெரியாதவரும் நீராடும்போது பாடுகின்றனர். வரையத் தெரியாது என்பவரோ தனிமையிலும் ஒரு கோடு இழுக்க அஞ்சுகின்றனர். இவ்வச்சம் பிறவியில் வந்ததன்று. சிறு குழந்தையின் கையில் ஒரு கரித்துண்டு கிடைத்தால், அது யானை என்றும் தேர் என்றும் பெயரிடும் கோடுகள் சுவர் முழுதும் நிறைந்துவிடும். அதே குழந்தை பன்னிரண்டு வயதை எய்தும்போது கரித்துண்டைக் கைவிட்டுவிடுகிறது. பிறர் படத்தோடு தன் படத்தை ஒப்பிட்டு நாணக் கற்றுக்கொண்டதே அதற்குக் காரணம் என்பேன்.

நானும் அவ்வாறு கைவிட்டவனே. ஆறாம் வகுப்பில் நான் வரைந்த பசுவை நாய் என்று கூறி வகுப்பே சிரித்தது. அன்று மூடிய சித்திரப் புத்தகத்தை நாற்பது ஆண்டுகள் நான் திறக்கவில்லை. அக்காலமெல்லாம் என் அன்னையார் விடியலில் எழுந்து, வாயிலில் நீர் தெளித்து, புள்ளி வைத்துக் கோலம் இட்டுவந்தார். அவரை ஒருவரும் ஓவியர் என்று அழைத்ததில்லை. கோடு ஒரு நாள் கோணிப்போனால் அவர் வருந்தியதும் இல்லை. பகலில் வருவோர் போவோர் கோலத்தை மிதித்தனர். அரிசி மாவை எறும்புகள் உண்டன. மறுநாள் வாயில் வெறுமையாயிற்று. புதிய கோலம் தோன்றிற்று. பழக்கம் என்பது இவ்வளவுதான். என் கண்முன்னேயே அது நிகழ்ந்தும், ஓவியம் சிலர்க்கே வாய்த்த வரம் என்று நான் எண்ணியிருந்தது விந்தையே!

ஜப்பான் நாட்டு ஓவியர் ஹொகுசாய் (1760–1849) உலகப் புகழ் பெற்றவர். எழுபது வயதுக்குமுன் தாம் வரைந்தவற்றுள் குறிப்பிடத்தக்கது ஒன்றும் இல்லை என்று, 1834ஆம் ஆண்டில் வெளிவந்த பூஜி மலைப் படத்தொகுதியின் பின்னுரையில் அவரே எழுதினார். எண்பதைக் கடந்தபின், 1842, 1843ஆம் ஆண்டுகளில், தீமை அணுகாதிருக்க வேண்டிக் காலைதோறும் ஒரு சிங்கத்தையோ சிங்க வேடமிட்டு ஆடுவோரையோ வரைவதை நோன்பாகக் கொண்டார். அவற்றுள் 200க்கு மேற்பட்டவை இன்றும் உள்ளன. விற்பதற்கு வரைந்தவை அல்ல அவை. அன்றாடக் கடமையாக வரைந்தவை.

மாணவர்களே! நீங்கள் வீட்டில் இப்பழக்கத்தைத் தொடங்க விலையுயர்ந்த பொருள் எதுவும் வேண்டா. ஒரு பென்சிலும் சிறு தாளும் போதும். சாந்திநிகேதனத்தில் ஓவியம் கற்பித்த நந்தலால் போஸ் (1882–1966), தாம் கண்டவற்றை அஞ்சலட்டைகளில் வரைந்து அன்பர்க்கு அனுப்பிவந்தார். தாள் சிறிதாயின் அச்சமும் சிறிதாகும். நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே வேளையில், கால் மணி நேரம் அமருங்கள். ஞாயிறன்று நான்கு மணி நேரம் வரைந்துவிட்டு அடுத்த ஞாயிறுவரை மறந்திருப்பதைவிட இது மேல். தேர்வு நெருங்கும்போது இதற்கு நேரம் ஏது என்று வினவுவீர்கள். கால் மணி நேரத்தால் தோற்ற தேர்வு எதனையும் நான் கேள்விப்பட்டதில்லை.

எதனை வரைவது? அடுக்களையிலுள்ள சொம்பை எடுத்து எதிரே வையுங்கள். அதன் வாய் வட்டம் என்பதை நாம் அறிவோம்; ஆகவே கை வட்டத்தையே போட விழையும். ஆனால் சற்று விலகி அமர்ந்து நோக்கினால், அவ்வாய் ஒடுங்கிய நீள்வட்டமாகவே தோன்றும். கண் மட்டத்திற்கு உயர்த்தினால் அது வெறும் கோடாகிவிடும். அறிந்ததை வரைவதா, காண்பதை வரைவதா என்னும் இப்போராட்டமே ஓவியப் பயிற்சியின் உயிர். கைப்பேசி இமைப்பொழுதில் சொம்பைப் படம் பிடித்துவிடும். ஆயினும், பிடித்தவர் அதன் வாயைக் கண்டிருக்க மாட்டார்.

அழிரப்பரைத் தொடாதீர்கள். பிழையான கோடு அங்கேயே இருக்கட்டும். அதனருகே மற்றொரு கோடு இடுங்கள். தாளின் அடியில் நாளைக் குறித்துப் பெட்டியில் போட்டுவிடுங்கள். ஒரு திங்கள்வரை எவருக்கும் காட்ட வேண்டா. பாராட்டும் சிரிப்பும் கையை ஒரே வகையாகக் கெடுக்கும் என்பது என் துணிபு. இதனைப் பெற்றோர் சிலர் ஒப்பமாட்டார்.

என் அன்னையார் மறைந்த பின்னரே நான் மீண்டும் பென்சிலை எடுத்தேன். முதல் திங்களில் வரைந்த சொம்புகள் யாவும் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றன. இப்போது ஓரளவு நிமிர்ந்திருக்கின்றன. அவர் குனிந்து கோலம் இடும் காட்சியையும் பலமுறை வரைய முயன்றேன். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து மாவைப் பிடித்திருந்தமை நினைவில் உள்ளது. மற்றை விரல்கள் எவ்வாறு மடிந்திருந்தன? எத்தனையோ விடியல்களில் அருகே நின்றவன் நான், அதனைப் பார்த்ததில்லை.