குழாய் வீட்டுக்குள் வந்தது, சுமை குறைந்ததா?



பாத்திரம் கழுவும் இயந்திரம் என்றவுடன், "அது பணக்காரர் வீட்டுப் பொருள்" என்று நம்மவர் பலர் ஒதுக்கிவிடுகின்றனர். 1886இல் அமெரிக்காவின் சோசபின் கொக்ரேன் அம்மையார் இத்தகைய இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றபோது அது உண்மையாக இருந்திருக்கலாம். செல்வர் வீட்டுப் பீங்கான் உடையாமல் காப்பதே அவருடைய முதல் நோக்கம். இன்று மேசைமேல் வைக்கும் சிறிய வகை வந்துவிட்டது. சுவரை உடைக்காமல், சிங்கின் குழாயிலேயே இணைத்துக்கொள்ளலாம். வாடகை வீட்டில் இருப்போருக்கும் இது பொருந்தும்.

இதைப் பற்றி ஒரு தமிழாசிரியர் ஏன் எழுத வேண்டும்? காரணம் இருக்கிறது.

பேராக் மாநிலத்துத் தோட்ட லயங்களில் வாழ்ந்த நம் அன்னையர், விடியுமுன் பெரட்டுக்கு ஓடினர், பால்மரம் வெட்டினர், வீடு திரும்பியபின் பொதுக்குழாயடியில் சாம்பலும் தேங்காய் நாருமாக அமர்ந்தனர். காலம் மாறியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. மக்கள் சுங்கை சிப்புட், புந்தோங் எனப் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தனர். குழாய் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் தொழிற்சாலை வேலை முடித்து வரும் தாய்க்காகச் சிங்கில் பாத்திரங்கள் இன்னமும் காத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

"இயந்திரம் தண்ணீரை வீணாக்கும்" என்பது முதல் மறுப்பு. நீங்களே அளந்து பாருங்கள். வழக்கமாகத் திறந்துவைக்கும் அளவுக்குக் குழாயைத் திறந்து, 10 லிட்டர் வாளி எத்தனை நிமிடத்தில் நிறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம் என்றால், கால் மணி நேரம் ஓடும் குழாய் 75 லிட்டரைக் கொட்டிவிடும். மேசை இயந்திரங்கள் ஒரு முறை கழுவ ஏறத்தாழ 6 முதல் 10 லிட்டர் வரையே எடுக்கின்றன.

"இணைப்பது கடினம்" என்பது அடுத்த மறுப்பு. இயந்திரத்தின் நீர்க்குழலின் முனை பெரும்பாலும் முக்கால் அங்குல மரை கொண்டது. சுவரிலிருந்து வரும் நம் வீட்டுக் குழாயோ பெரும்பாலும் அரை அங்குலம். ஆகவே வன்பொருள் கடையில் 'டூ வே டேப்' எனக் கேட்டு, முக்கால் அங்குல இணைப்பியையும் சேர்த்து வாங்குங்கள். தலைக்குழாயை மூடிவிட்டுப் பழைய குழாயைக் கழற்றி, மரையில் வெண்ணிற நாடாவைச் சுற்றிப் புதியதைப் பொருத்தலாம். இயந்திரக் குழலின் முனையில் ரப்பர் வாஷர் இருப்பதால் அங்கே நாடா தேவையில்லை.

நீரழுத்தத்தையும் பார்க்க வேண்டும். பல இயந்திரங்கள் குறைந்தது 0.4 பார் அழுத்தம் கேட்கும். அது சுமார் 4 மீட்டர் உயரத்து நீருக்குச் சமம். கூரைத் தொட்டியிலிருந்து வரும் நீருக்கு அவ்வளவு அழுத்தம் இல்லாமல் போகலாம். நம் நாட்டு வீடுகளில் சமையலறைக் குழாய்க்குப் பெரும்பாலும் நேரடியாகத் தலைக்குழாய் நீர் வருவதால், சிங்கே தக்க இடம்.

கழிவுநீர்க் குழலின் முனை சிங்கில் தேங்கிய நீருக்குள் மூழ்கியிருக்கக் கூடாது. அழுக்குநீர் திரும்ப உறிஞ்சப்படக்கூடும். அது துள்ளி வெளியே விழாதவாறும் கட்டிவையுங்கள். வேலை முடிந்ததும் குழாயை மூடிவிடுங்கள். நீரைச் சூடாக்க மின்சாரம் மிகுதியாகத் தேவைப்படுவதால், சுவரிலுள்ள 13 ஆம்பியர் செருகுவாயிலேயே நேராக இணைக்க வேண்டும். நீட்டிப்புக் கம்பி ஆகாது.

"நம் பாத்திரங்களுக்கு ஒத்துவராது" என்பதில் பாதி உண்மை உண்டு. எவர்சில்வர் தட்டு, குவளைகளுக்குக் குறையில்லை. அலுமினியக் குண்டான் கறுத்துப்போகும்; இரும்புத் தோசைக்கல் துருவேறும்; பெரிய சோற்றுப்பானை உள்ளே நுழையாது. இவற்றைக் கையால்தான் கழுவ வேண்டும். கையால் கழுவும் சோப்பை மட்டும் இயந்திரத்தில் ஊற்றிவிடாதீர்கள். நுரை பொங்கி வழியும்.

ஆக, எஞ்சிய வேலை யாருக்கு? இங்குதான் என் கருத்தை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். இயந்திரம் வாங்கிவிட்டு, எச்சில் வழித்து அடுக்குவதும் எடுத்துவைப்பதும் பானை தேய்ப்பதும் அம்மாவின் வேலை என்று விட்டுவிட்டால், நாம் மாற்றியது கருவியை மட்டுமே. தமிழ்ப்பள்ளிகளில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடத்தை ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சேர்ந்தே பயில்கின்றனர். வீட்டுக்குச் சென்றதும் மகன் தொலைக்காட்சி முன்னும் மகள் சிங்கின் முன்னும் நிற்பது என்ன நியாயம்? குழாயில் இணைப்பைப் பொருத்தும் நாளில் இருவரையும் பக்கத்தில் நிறுத்துங்கள். மரை அளவைப் பார்க்கவும் கசிவைச் சோதிக்கவும் இருவருக்கும் கற்றுக்கொடுங்கள். பிறகு தட்டு அடுக்குவதை, தந்தையையும் சேர்த்து, முறைவைத்துச் செய்யச் சொல்லுங்கள்.

மிஞ்சும் அரை மணி நேரத்தை அம்மா எப்படிச் செலவிடுவார்? பிள்ளையின் வாசிப்பைக் கேட்கலாம், நாளிதழ் படிக்கலாம், சும்மாவும் இருக்கலாம். அது அவர் விருப்பம். இயந்திரம் வாங்க வசதியில்லாத வீட்டிலும் இந்த முறைவைப்பை இன்றிரவே தொடங்கலாம். அதற்குக் காசு தேவையில்லை.

சிந்திப்போம், செயல்படுவோம்.