வீட்டோடு தெருவையும் கேட்போம்

செம்பூரில் எங்களோடு தங்கிக் கட்டடக்கலை படிக்கிறாள் என் அண்ணன் மகள். "சித்தப்பா, சுற்றுச்சூழலைக் காக்கும் கட்டடங்கள் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். எதைப் பார்க்கலாம்?" என்றாள். மாதுங்காவுக்கும் தாராவிக்கும் அழைத்துப் போனேன்.

1896-இல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியது. அதையொட்டி 1898-இல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட் திட்டமிட்டதுதான் மாதுங்கா. அங்கே தெருவையும் பூங்காவையும் முதலில் வரைந்தார்கள். வீடு பிறகுதான் வந்தது.

தாராவி நான் பிறந்து வளர்ந்த இடம். வெளிச்சம் குறைவு, கழிப்பறையும் குறைவு. அதைச் சொர்க்கம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பிழைப்பு வாசலிலேயே இருக்கிறது. விடியுமுன் இட்லி அவித்து நகரெங்கும் விற்கப் புறப்படுகிறார்கள் நம்மவர்கள். கும்பார்வாடாவில் பானைகள் வாசலில் காய்கின்றன. வேலைக்குப் போக ரயிலும் பஸ்ஸும் வேண்டாம்.

மறுசீரமைப்புத் திட்டப்படி, 1.1.2000-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு அங்கேயே 350 சதுர அடி வீடு. மாடியில் இருப்போருக்கும் பின்னால் வந்தோருக்கும் தாராவிக்கு வெளியேதான். சரி, பதினைந்தாம் மாடியில் பானை எங்கே காயும்? லிப்ட் செலவை யார் கட்டுவது? கூரையில் சூரியத் தகடு பதித்தால் மட்டும் போதாது. குடியிருப்பவரைப் பிழைக்க விடுவதே நல்ல கட்டடம் என்பது என் தாழ்மையான கருத்து.

வீட்டின் அளவைக் கேட்கும் நாம், தெருவையும் திண்ணையையும் தொழிற்கூடத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். படிக்கும் பிள்ளைகள் அளந்து வரைந்து தரட்டும். பெரியவர்கள் அதை மனுவோடு இணைப்போம். வரும் ஞாயிறு அண்ணன் மகள் அளவு நாடாவோடு தாராவிக்குப் போகிறாள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் அனுப்புங்கள்.