மாடிப்படியும் கம்ப்யூட்டர் வரைபடமும்

மல்காஜ்கிரியில் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில், முதல் மாடியை எட்டும் கடைசிப் படியில் கால் தடுக்காதவர் அநேகமாக எவருமில்லை. சென்ற மழைக்காலத்தில் அண்டை வீட்டு மூதாட்டியார் அங்கே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். படி ஈரம் என்றனர் சிலர். வயது என்றனர் சிலர். நான் அளவு நாடாவை எடுத்துச் சென்று படிகளை ஒவ்வொன்றாக அளந்தேன். இடைப்பட்ட படிகள் யாவும் ஏறக்குறைய 187 மில்லிமீட்டர் உயரம், முதற்படி 157, கடைசிப் படி 217. கட்டட வரைபடத்தில் எல்லாப் படிகளும் ஒரே உயரமாகவே காட்டப்பட்டிருந்தன.

வரைபடத்தில் கணக்குப் பிழை ஏதுமில்லை. ரெவிட் போன்ற மென்பொருள்களில் மாடிப்படி வரைவதற்கென்றே ஒரு கருவி உண்டு. கீழ்த்தளத்தையும் மேல்தளத்தையும் காட்டிவிட்டால், இடையிலுள்ள உயரத்தை அது சம பங்குகளாக்கிக் கொடுத்துவிடும். தளத்துக்குத் தளம் 3,000 மி.மீ. என்று கொள்வோம். குடியிருப்புகளில் படியின் உயரம் 190 மி.மீட்டருக்கு மேற்படலாகாது, மிதிக்கும் அகலம் 250க்குக் குறையலாகாது என்பது 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறுவது. ஆகவே 16 ஏற்றங்கள், ஒவ்வொன்றும் 187.5 மி.மீ. உயரத்தை இரட்டித்து அகலத்தைக் கூட்டினால் மனிதனின் ஒரு நடை அளவு வரவேண்டும் என்பது 17ஆம் நூற்றாண்டில் பிளாண்டல் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வகுத்த முறை. இன்று அது 600 முதல் 650 மி.மீ. வரை எனக் கொள்ளப்படுகிறது. நம் படிக்கு 625 வருகிறது. குறை சொல்ல இடமில்லை.

ஆனால் அந்த 3,000 எதிலிருந்து எதுவரை? கான்கிரீட்டிலிருந்து கான்கிரீட் வரை. பின்னர் இரு தளங்களிலும் கலவையும் ஓடுமாக 50 மி.மீ. ஏறிற்று, படிகளில் 20 மி.மீ. கருங்கல் மட்டுமே ஏறிற்று. கீழே 30 குறைந்தது, மேலே 30 கூடிற்று. சராசரி மட்டும் 187.5 என்று மாறாமல் நின்றது. தளப்பூச்சின் கனத்தைக் குறிப்பிட மென்பொருளில் வழியுண்டு என்று பொறியாளர்கள் கூறுவர். உண்மைதான்; அந்தக் கனம் எவ்வளவு என்று மேஸ்திரியைக் கேட்க வேண்டியவர் மனிதரே.

இரண்டு மூன்று படிகள் ஏறியதுமே நமது கால் அந்த உயரத்தைக் கற்றுக்கொள்கிறது. பிறகு கண் படியைப் பார்ப்பதில்லை. நியூயார்க்கில் புரூக்ளின் பகுதியின் 36ஆவது தெரு சுரங்க ரயில் நிலையத்தில் ஒரே ஒரு படி மற்றவற்றைவிடச் சற்றே உயர்ந்திருந்தது. பயணிகள் ஒருவர் பின் ஒருவராக அங்கே இடறுவதை 2012இல் ஒருவர் படமெடுத்து வெளியிட்ட பின்னரே அது சீர்செய்யப்பட்டது.

எங்கள் பகுதியில் நூறு, நூற்றைம்பது கஜ மனைகளே மிகுதி. இடமில்லாமையால் மூலையில் படியைத் திருப்புகிறார்கள். ஆயத்தக் கருவி போதாதபோது, வரைவோர் கோடு கோடாகத் தாமே வரைந்துகொள்கிறார்கள். செங்கோணத் திருப்பத்தை மூன்று படிகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 30 பாகை. 900 மி.மீ. அகலமுள்ள படியில் நடுவே நடப்பவருக்கு மிதிக்க 236 மி.மீ. கிடைக்கும், உள்மூலையிலிருந்து 300 மி.மீ. தள்ளி நடப்பவருக்கு 157தான், மூலையில் ஒன்றுமேயில்லை. திரையில் இது வெகு அழகாகத் தோன்றும். குழந்தைகளும் முதியோரும் எந்தப் பக்கமாக நடப்பார்கள் என்பதைத் திரை சொல்லாது.

பழைய கட்டடங்களை அளந்து பதிவு செய்வோருக்கு இதற்கு நேர்மாறான சோதனை. 1591இல் எழுந்த சார்மினாரின் 149 சுழற்படிகளையும், எங்களுக்கு அண்மையிலுள்ள மௌலா அலி குன்றின் நானூறுக்கும் மேற்பட்ட படிகளையும், மொத்த உயரத்தை எண்ணிக்கையால் வகுத்துச் சமப்படிகளாக வரைந்துவிட்டால், வரைபடம் ஒழுங்காயிருக்கும். ஆனால் அது அந்தப் படிக்கட்டின் பதிவாகாது. படிக்குப் படி அளவெடுத்து, தனித்தனியே உருவமைப்பதே முறை.

ஆகையால் தொழிற்பயிற்சி ஆசிரியர்கள், மாணவனைத் திரையின் முன் அமர்த்துமுன் தாளில் ஒரு மாடிப்படியைக் கணக்கிடச் செய்ய வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பள்ளியின் படிக்கட்டையே அளக்கச் செய்யலாம், செலவில்லை. களப் பணியாளர்கள் சராசரியை ஏற்காது, முதற்படியையும் கடைசிப் படியையும் தவறாமல் அளக்க வேண்டும். (இவற்றுக்குத் தமிழ்ச் சொல் தேடி நான் நாட்கணக்கில் அலைந்ததுண்டு. மேஸ்திரிகளோ ‘ரைசர்’, ‘டிரெட்’ என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள்.)

எங்கள் கட்டடத்துக்குப் பரிகாரம் எளிது: இடைத்தளம் உட்படப் பதினைந்து மிதிபரப்புகளின் மேலும் 30 மி.மீ. கனம் சீராக ஏற்றிவிட்டால் எல்லாப் படிகளும் சமமாகிவிடும். குடியிருப்போர் அதற்குப் பணம் திரட்டிக்கொண்டிருக்கிறோம். மூதாட்டியார் இப்போது கைப்பிடியைப் பற்றி, கடைசிப் படிக்கு முன் ஒரு கணம் நின்று, குனிந்து பார்த்த பிறகே ஏறுகிறார்.